கேட்காமலே எடுக்கப்படும் முடிவுகள்

ஒருவர் எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்துவிட்டால், அவருக்காக முடிவெடுப்பது யார்? பொருளியலில் நெடுங்காலம் அதிகம் பேசப்படாமல் இருந்த கேள்வி இது. நம் நாட்டில் 2023-24 நிதியாண்டு முதல், பழைய வருமான வரி முறையே வேண்டும் என்று தெரிவிக்காதவர்கள் புதிய முறைக்குள் வந்துவிடுகிறார்கள். இவ்வாறு நாம் ஒன்றும் சொல்லாதபோது நமக்கென முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும் ஏற்பாட்டைக் கணினித் துறையினர் 'டிஃபால்ட்' என்கிறார்கள். தமிழில் 'இயல்புநிலை அமைப்பு' என்கிறோம்.

இதன் வலிமையை எடுத்துக்காட்டிய ஆய்வு ஒன்று 2001-இல் வெளிவந்தது. பிரிஜிட் மாட்ரியன், டென்னிஸ் ஷே ஆகிய இருவரும் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களது ஓய்வூதியச் சேமிப்பை ஆராய்ந்தனர். 'சேர விரும்புவோர் விண்ணப்பிக்கலாம்' என்றிருந்த விதி 'விலக விரும்புவோர் தெரிவிக்கலாம்' என மாற்றப்பட்டதும், திட்டத்தில் சேர்ந்தோரின் விகிதம் பெருமளவு உயர்ந்தது. பலரும் மறந்துவிடும் இன்னொரு முடிவும் அந்த ஆய்வில் உண்டு. தானாகச் சேர்க்கப்பட்டவர்களில் கணிசமானோர், நிறுவனம் வைத்த 3 சதவீதப் பங்களிப்பையும், அது தேர்ந்த முதலீட்டு நிதியையும் மாற்றவே இல்லை. இயல்புநிலை அமைப்பு மக்களை உள்ளே அழைத்து வருகிறது. பிறகு வைத்த இடத்திலேயே நிறுத்தியும் விடுகிறது.

பல்லாண்டுகள் பொதுநிதியியலைக் கற்பித்த எனக்கு இது பழகிய செய்திதான். ஆனால், பணி ஓய்வுக்குப் பிறகு, தரவு மையங்களில் பணியாற்றும் முன்னாள் மாணவர்கள் சிலரோடு உரையாடியபோது, இதே கேள்வி மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் மென்பொருள்களில் பல ஆண்டுகளாகத் தீராமல் கிடப்பதை அறிந்தேன். அதைப் பொறியாளர்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அது பொதுக்கொள்கை சார்ந்த கேள்வி.

மெய்நிகர் கணினி என்றால் என்ன?

மெய்நிகர் கணினி என்பது மென்பொருளால் கட்டப்பட்ட கணினி. உண்மையான ஒரு கணினியின் பிராசஸர், நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு, அதன்மீது பத்து, இருபது கணினிகள் தனித்தனியே இருப்பதுபோல் இயங்கச் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இயங்குதளத்தோடு, பக்கத்தில் இன்னொன்று இருப்பதை அறியாமலே ஓடிக்கொண்டிருக்கும். ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து பார்த்து, 1972-இல் 'விஎம்/370' என்ற பெயரில் அறிவித்தது. மேசைக் கணினிகளுக்கு இந்த வசதியை 1999-இல் விஎம்வேர் நிறுவனம் கொண்டுவந்தது. திறமூல மென்பொருள் உலகில், ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சு நிரலாளர் உருவாக்கி 2003-இல் வெளியிட்ட 'கியூஎமு', 2007-இல் லினக்ஸோடு இணைக்கப்பட்ட 'கேவிஎம்' ஆகிய இரண்டும் அடித்தளமாக அமைந்தன.

'மேகக்கணிமை' என்று இன்று நாம் சொல்வதன் பெரும்பகுதி இந்த மெய்நிகர் கணினிகள்தாம். வங்கிப் பரிவர்த்தனை, மருத்துவமனைப் பதிவேடு, தேர்வு முடிவு, அரசுச் சான்றிதழ் என அன்றாடம் நாம் நாடும் பல சேவைகள் எங்கோ ஒரு தரவு மையத்தில் மெய்நிகர் கணினிகளின்மீது ஓடுகின்றன.

அப்படி ஒரு கணினியை உருவாக்க முனைபவர், அதற்கு முன் பல கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். எந்தத் தலைமுறைச் சிப்செட்டைப்போல் அது நடந்துகொள்ள வேண்டும்? உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கு எந்த பிராசஸரைக் காட்ட வேண்டும்? வட்டும் வலையமைப்பு அட்டையும் எந்த வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும்? எழுதிய தரவு உடனே வட்டுக்குச் செல்ல வேண்டுமா, சற்றுக் காத்திருக்கலாமா? இவை அனைத்துக்கும் தெளிந்த விடை சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு இயல்புநிலை அமைப்பே விடை.

ஒரே கேள்விக்குப் பல விடைகள்

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வேறெந்த விவரமும் தராமல் கியூஎமுவை ஒரு சாதாரணக் கணினிக்காக இயக்கினால், இன்டெல் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட 440எஃப்எக்ஸ் சிப்செட்டைப் பாவனை செய்யும் கணினி கிடைக்கும். அதில் ஒரே ஒரு பிராசஸரும் 128 மெகாபைட் நினைவகமும் இருக்கும். இன்றைய கைப்பேசிகளின் நினைவகத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறு பங்கு.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. இந்த மென்பொருள்கள் அடுக்கடுக்காக அமைந்தவை. அடியில் கியூஎமு இருக்கிறது. பல வகை மெய்நிகராக்க மென்பொருள்களுக்கும் பொதுவான ஓர் இடைமுகமாக, ரெட் ஹாட் நிறுவனப் பொறியாளர்கள் 2005-இல் தொடங்கிய 'லிப்விர்ட்' அதன் மேல் அமர்ந்திருக்கிறது. அதற்கும் மேலே, தனிப்பயனருக்கான 'விர்ட்-மேனேஜர்', பெரிய தரவு மையங்களுக்கான 'ஓவிர்ட்', 'ஓப்பன்ஸ்டாக்' போன்ற நிர்வாக மென்பொருள்கள் உள்ளன.

அடி அடுக்கில் இருப்போர், 'நாங்கள் கருவியைத் தருகிறோம். எது நல்லது என்ற கொள்கை முடிவை மேலே இருப்பவர்கள் எடுக்கட்டும்' என்கிறார்கள். நடு அடுக்கின் முதற்கடமை நிலைத்தன்மை. நேற்று கொடுத்த அதே விவரத்தை இன்றும் கொடுத்தால் அதே கணினிதான் கிடைக்க வேண்டும். ஆகவே அங்கும் எளிதில் மாற்றம் செய்ய இயலாது. மேல் அடுக்கில் உள்ள ஒவ்வொரு குழுவும் 'எது நல்லது' என்பதைத் தனித்தனியே கண்டுபிடித்து, தன் நிரலுக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது.

விளைவு என்ன? 2018-இல் வெளியான விர்ட்-மேனேஜர் 2.0 பதிப்பு, புதிதாக உருவாக்கப்படும் கணினிகளுக்கு 'கியூ35' என்ற பிந்தைய சிப்செட் வகையை இயல்பாக்கியது. ஆனால், லிப்விர்ட்டிடம் நேரடியாக, வகை எதையும் குறிப்பிடாமல் கேட்பவருக்குப் பழைய வகையே கிடைத்தது. கீழே உள்ள இயந்திரம் ஒன்றே. எந்தக் கதவு வழியாக நுழைந்தோம் என்பதைப் பொறுத்துக் கிடைக்கும் கணினி மாறுபடுகிறது. ஒரு குழு பட்டறிவால் கற்ற பாடம் அடுத்த குழுவைச் சென்றடைவதில்லை.

யாரும் கேட்காத ஃபிளாப்பி

இதனால் நேரும் இழப்பு வேகக் குறைவோடு முடிந்துவிடுவதில்லை. இரண்டு நிகழ்வுகளைச் சொல்லலாம்.

2015 மே மாதம் 'வெனம்' என்று பெயரிடப்பட்ட ஒரு பாதுகாப்புக் குறைபாடு வெளியானது. மெய்நிகர் கணினிக்குள் ஆதிக்கம் பெற்ற ஒருவர், அதன் சுவரை உடைத்துக்கொண்டு கீழே உள்ள உண்மைக் கணினியையே கைப்பற்ற அது வழிவகுக்கக் கூடியதாக இருந்தது. அப்படி நேர்ந்தால், அதே கணினியில் குடியிருக்கும் பிற நிறுவனங்களின் தரவுகளும் ஆபத்துக்குள்ளாகும். குறைபாடு இருந்த இடம், ஃபிளாப்பி வட்டைக் கையாளும் நிரல். 2015-இல் தரவு மையத்தில் ஃபிளாப்பி வட்டைப் பயன்படுத்தியவர் யார்? ஏறத்தாழ யாருமில்லை. ஆயினும் அந்தக் கட்டுப்பாட்டுக் கருவி இயல்புநிலையில் ஒவ்வொரு மெய்நிகர் கணினியிலும் சேர்ந்து வந்தது. பிழையுள்ள நிரல் 2004 முதலே அங்கு இருந்தது. வேண்டாமென்று நீக்கியவர்களுக்கும்கூட, வேறொரு பிழையின் காரணமாக அந்த நிரல் உள்ளே உயிரோடு இருந்தது. யாரும் கேட்காத ஒரு வசதிக்காக அனைவரும் பதினோராண்டுகள் அந்த ஆபத்தைச் சுமந்திருந்தார்கள்.

இரண்டாவது நிகழ்வு, 2018 ஜனவரியில் வெளியான 'ஸ்பெக்டர்', 'மெல்ட்டவுன்' என்னும் பிராசஸர் குறைபாடுகள். ஸ்பெக்டரின் ஒரு வகையைத் தடுக்க, பிராசஸரில் புதிதாகச் சேர்க்கப்பட்ட சில வசதிகள் மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் இயங்குதளத்தின் கண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆனால், பல கணினிகள் குறிப்பிட்ட ஒரு பழைய பிராசஸர் மாதிரியின் பெயரில் உருவாக்கப்பட்டிருந்தன. அந்த மாதிரியின் பொருளை மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு நகர்த்துவது உட்படப் பலவும் குலைந்துபோகும். எனவே பழைய பெயர்களைத் தொடாமல், பாதுகாப்பு வசதி சேர்ந்த புதிய பெயர்களைத் தனியே உருவாக்கினர். விவரம் அறிந்த நிர்வாகி பெயரை மாற்றிப் பாதுகாப்புப் பெற்றார். அறியாதவரின் கணினி, கீழே உள்ள இயந்திரம் முழுமையாகத் திருத்தப்பட்ட பின்னும், அந்தத் திருத்தத்தின் பயனைப் பெறாமலே ஓடியது.

ஏன் பழையதே நீடிக்கிறது?

அறிவாளிகள் நிறைந்த ஒரு துறையில், எல்லோரும் பழையது என்று ஒப்புக்கொள்ளும் ஓர் ஏற்பாடு ஏன் இருபதாண்டுகள் நீடிக்கிறது? மானியங்களும் இறக்குமதித் தீர்வைகளும் எளிதில் நீங்காததற்குப் பொருளியலார் சொல்லும் விளக்கம் இங்கும் பொருந்துகிறது.

இயல்புநிலை அமைப்பை மாற்றினால், பழைய ஏற்பாட்டை நம்பியிருந்த சிலரது வேலை நின்றுபோகும். அவர்கள் உடனே, உரத்த குரலில் முறையிடுவார்கள். மாற்றாமல் விட்டாலோ, இலட்சக்கணக்கானோர் சிறிது வேகத்தையும் சிறிது பாதுகாப்பையும் இழப்பார்கள். தாம் இழப்பதை அறியாததால் யாரும் முறையிடமாட்டார்கள். ஓரிடத்தில் குவியும் இழப்புக்குக் குரல் உண்டு; பரவலான இழப்புக்குக் குரல் இல்லை. ஆகவே மென்பொருள் எழுதுபவருக்கு, மாற்றாமல் இருப்பதே பாதுகாப்பான முடிவாகிறது.

இத்துடன் பொதுப்பண்டச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. எந்த இயங்குதளத்துக்கு எந்த அமைப்பு உகந்தது என்ற அறிவை ஒருவர் முயன்று திரட்டி வெளியிட்டால், அதனால் எல்லோரும் பயனடைவர். செலவோ திரட்டியவருக்கு மட்டுமே. இத்தகைய பண்டங்கள் தேவையைவிடக் குறைவாகவே உற்பத்தியாகும் என்பது பொருளியலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று.

இழப்பு அனைவருக்கும் சமமாக விழுவதுமில்லை. பெரிய நிறுவனம் வல்லுநர்களை அமர்த்தி, ஒவ்வோர் அமைப்பையும் தன் தேவைக்கேற்பச் செதுக்கிக்கொள்ளும். மாவட்டக் கூட்டுறவு வங்கி, சிறு மருத்துவமனை, அரசு உதவிபெறும் கல்லூரி ஆகியவற்றால் அது இயலாது. அவற்றுக்கு இயல்புநிலை அமைப்பே வல்லுநர். ஆகவே அதன் தரம் சமநீதியோடும் தொடர்புடையது.

ஒரே அளவுச் சட்டை அன்று

'அப்படியானால் மிகச் சிறந்த அமைப்பு ஒன்றைக் கண்டறிந்து எல்லோருக்கும் வைத்துவிடலாமே' என்று தோன்றக்கூடும். அது முடியாது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

மெய்நிகர் கணினிகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட 'விர்ட்டியோ' என்ற வகைச் சாதனங்கள், பழைய வட்டையும் வலையமைப்பு அட்டையும் பாவனை செய்வதைவிட மிக வேகமானவை. லினக்ஸ் அவற்றை எளிதில் அறிந்துகொள்ளும். ஆனால், விண்டோஸ் நிறுவல் வட்டில் அவற்றுக்கான டிரைவர் மென்பொருள் கிடையாது. விர்ட்டியோ வட்டையே அனைவருக்கும் இயல்பாக்கினால், விண்டோஸை நிறுவ முயல்பவருக்கு 'வட்டு எதுவும் இல்லை' என்ற செய்திதான் கிடைக்கும்.

பிராசஸரிலும் இதே நிலைதான். கீழே உள்ள பிராசஸரின் எல்லாத் திறன்களையும் அப்படியே உள்ளே காட்டினால் அதிக வேகம் கிடைக்கும். தன் மடிக்கணினியில் ஒரே ஒரு மெய்நிகர் கணினியை வைத்திருக்கும் மாணவருக்கு அது மிக நல்லது. தரவு மையத்திலோ, பழுது பார்ப்பதற்காக ஓடும் கணினியை நிறுத்தாமலே வேறொரு இயந்திரத்துக்கு நகர்த்த வேண்டியிருக்கும். அந்த இயந்திரத்தின் பிராசஸர் வேறு தலைமுறையைச் சேர்ந்ததாக இருந்தால் நகர்த்த முடியாமல் போகும். அங்கே எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான திறன்களை மட்டும் காட்டுவதே அறிவுடைமை.

ஹாயெக் 1945-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அந்தந்த இடத்துக்கும் நேரத்துக்கும் உரிய அறிவு பலரிடமும் சிதறிக் கிடக்கிறது என்றும், அதை மையத்தில் ஒருவர் திரட்டிவிட முடியாது என்றும் வாதிட்டார். இங்கு இரு வகை அறிவு இருக்கிறது. எந்த இயங்குதளத்தில் எந்தச் சாதனத்துக்கான டிரைவர் உண்டு என்பது எல்லா இடத்திலும் ஒன்றே; அதைப் பொதுவில் ஒருமுறை திரட்டினால் போதும். இந்தக் கணினியை நகர்த்த வேண்டியிருக்குமா, வேகம் முக்கியமா, தரவின் பாதுகாப்பு முக்கியமா என்பது பயனருக்கு மட்டுமே தெரியும். முன்னதைப் பொதுவாக்கி, பின்னதைப் பயனரிடம் விட்டுவைப்பதே நல்ல வடிவமைப்பு.

நல்ல அமைப்புக்கான நெறிகள்

இத்துறையினரே பகுதி பகுதியாகக் கண்டறிந்த வழிகளிலிருந்து ஐந்து நெறிகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, பொது அறிவை நிரலுக்குள் புதைக்காமல், அனைவரும் படிக்கத்தக்க தரவாக வெளியே வைக்க வேண்டும். 'லிபோசின்ஃபோ' என்ற திட்டம் இதைச் செய்கிறது. ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் வேண்டிய நினைவகம், வட்டு அளவு, அது ஆதரிக்கும் சாதனங்கள் ஆகியவற்றை அது தொகுத்து வைத்திருக்கிறது. அதை எந்த நிர்வாக மென்பொருளும் எடுத்துப் பயன்படுத்தலாம். இத்தொகுப்பை, ஒன்றிரண்டு மென்பொருள்கள் நாடும் துணைக்கருவி என்ற நிலையிலிருந்து, எல்லா நிர்வாக மென்பொருள்களுக்குமான பொதுக் களஞ்சியமாக வளர்த்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, புதிய இயல்புநிலை புதிய கணினிகளுக்கு மட்டுமே பொருந்த வேண்டும். கியூஎமு தன் கணினி வகைகளுக்குப் பதிப்பு எண் இட்டு வைக்கிறது. வெறும் 'பிசி' என்று கேட்பவருக்கு அன்றைய புதிய பதிப்பு கிடைக்கும். லிப்விர்ட் அந்த எண்ணைக் கணினியின் குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும். பத்தாவது பதிப்பு வந்த பிறகும், மூன்றாவது பதிப்பில் பிறந்த கணினி மூன்றாவதாகவே நடந்துகொள்ளும். 2019 முதல் பிராசஸர் மாதிரிகளுக்கும் இவ்வாறு பதிப்பு எண் வந்தது. 'பிராக்ஸ்மாக்ஸ்' என்ற நிர்வாக மென்பொருள் 2023-இல் இயல்புநிலை பிராசஸர் வகையை மாற்றியபோது, இணைய இடைமுகத்தில் புதிதாக உருவாக்கப்படும் கணினிகளுக்கு மட்டுமே அதைப் பொருத்தியது. ஏற்கெனவே வாழ்பவரைக் கலைக்காமல் சீர்திருத்தம் செய்யும் இந்த முறை, உரத்த முறையீட்டுக்கான காரணத்தையே நீக்கிவிடுகிறது.

மூன்றாவது, ஊகிக்க முடியாததைக் கேட்டுவிட வேண்டும். 'விர்ட்-இன்ஸ்டால்' என்ற கருவி முன்பெல்லாம், எந்த இயங்குதளம் என்று தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும் பழைய அமைப்பைச் சத்தமில்லாமல் கொடுத்துவந்தது. 2022-இல் வெளியான நான்காம் பதிப்பு முதல், தன்னால் கண்டறிய முடியாதபோது அதைச் சொல்லுமாறு பயனரை வற்புறுத்துகிறது. ஓய்வூதிய ஆய்வுகளிலும் இதற்கு இணையான வழி உண்டு. எல்லோருக்கும் பொருந்தும் ஒரு விகிதம் இல்லாதபோது, ஊழியரை ஒரு கெடுவுக்குள் தேர்ந்தெடுக்கச் சொல்வதே மேல் என்று பொருளியலார் சிலர் காட்டியிருக்கின்றனர். ஆனால், கேள்விகள் சிலவாகவும் பயனருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். 'எந்தச் சிப்செட்' என்று கேட்பதைவிட, 'இக்கணினியை வேறு இயந்திரத்துக்கு நகர்த்துவீர்களா' என்று கேட்பது பொருத்தமானது.

நான்காவது, பெரும்பாலோர்க்கு வேண்டாதது இயல்புநிலையில் இருக்கக் கூடாது. வேண்டுவோர் கேட்டுச் சேர்த்துக்கொள்ளட்டும். ஃபிளாப்பி கற்பித்த பாடம் இது.

ஐந்தாவது, ஒவ்வோர் இயல்புநிலை அமைப்புக்கும் காரணமும் மீளாய்வு நாளும் எழுதப்பட்டிருக்க வேண்டும். காரணம் எழுதப்படாத விதியை நீக்க யாருக்கும் துணிவு வராது. அரசாணைகளுக்கு மட்டுமன்றி நிரல்களுக்கும் இது பொருந்தும்.

நாம் செய்ய வேண்டியது

2023 நவம்பரில் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கியது. ஒருமுறை பணம் செலுத்தி நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமங்களின் விற்பனை அடுத்த மாதமே நிறுத்தப்பட்டது. அதன்பின் உலகெங்கும் பல நிறுவனங்கள் திறமூல மாற்றுகளைத் தேடுகின்றன. நம் நாட்டின் நிறுவனங்களும் அதற்கு விலக்கல்ல. ஒரே நிறுவனம் தொகுத்துத் தந்த அமைப்புகளிலிருந்து, பல குழுக்கள் தனித்தனியே வைத்த அமைப்புகளுக்கு இடம்பெயர்வோர், புதிய மென்பொருளைக் கற்பதோடு, அது சொல்லாமல் எடுக்கும் முடிவுகளையும் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இடம்பெயரும் ஒவ்வொரு நிறுவனமும் தன் மெய்நிகர் கணினிகள் எந்தச் சிப்செட் வகையில், எந்த பிராசஸர் மாதிரியில், எந்த வட்டு வகையில் உருவாக்கப்பட்டன என்ற பட்டியலைத் தயாரிக்க வேண்டும். அரசுத் துறைகள் தம் ஒப்பந்தப் புள்ளிகளில், இயல்புநிலையிலிருந்து எவை மாற்றப்பட்டன, எவை ஏன் மாற்றப்படவில்லை என்பதை ஒப்பந்ததாரர் எழுத்தில் தர வேண்டும் என்று விதிக்கலாம். நம் பொறியியல் கல்லூரிகள், லிபோசின்ஃபோ போன்ற பொதுத் தொகுப்புகளில் விடுபட்ட இயங்குதளங்களின் விவரங்களைச் சோதித்துச் சேர்ப்பதை மாணவர்களின் செயல்திட்டமாக வைக்கலாம். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. கிடைக்கும் பயனோ உலகம் முழுவதற்குமானது.

பொதுப்பண்டத்தைப் பயன்படுத்துவோர் பலர், பேணுவோர் சிலர். அந்தச் சிலருள் நம்மவர்களும் இருக்க வேண்டும். இல்லையேல், நம் மருத்துவமனைகளின் பதிவேடுகளுக்கும் நம் வங்கிகளின் கணக்குகளுக்கும் எது உகந்தது என்பதை, நம் தேவையை அறியாத யாரோ ஒருவர் என்றோ எழுதிவைத்த ஒரு வரி தொடர்ந்து முடிவு செய்துகொண்டிருக்கும்.